கேட்டுக்கு வெளியே: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கடை, அலுவலகம், விடுதிப் பாதுகாப்பு ஆய்வு

2021 டிசம்பர் 17ஆம் தேதி இரவு, ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலை செய்பவர்கள் அவர்கள். இரண்டு நாள் முன்பு, பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட பெண்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டிருந்தது. 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூடத் தங்கியிருந்த தோழிகள் எந்த மருத்துவமனையில், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. சாலை மறியலுக்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்த விடுதிச் சமையலறைக்குப் போனபோது எலிகளையும் சரியில்லாத வடிகாலையும் கண்டார்கள், சமையலறை மூடப்பட்டது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் சில இடங்களில் தன் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்புக்குள் வைத்தது. 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் உற்பத்தி மறுபடி தொடங்கியது.

இந்த நிகழ்வில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. பல ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலை, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு சமையலறையின் வடிகாலால் நின்றது. ஆலைக்குள் அரசின் ஆய்வாளர், நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி, பொருளை வாங்கும் நிறுவனத்தின் தணிக்கையாளர் என்று பலர் வந்துபோகிறார்கள். அந்தச் சமையலறைக்கு யார் போனார்கள்? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான். ஆலையைச் சுற்றி முளைத்திருக்கும் கடை, அலுவலகம், குடோன், மெஸ், விடுதி ஆகியவற்றில் உடல்நலமும் பாதுகாப்பும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது, அதை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள், எப்படிச் செய்ய வேண்டும்?

ஆலைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. 2010 ஜூலையில் இதே பகுதியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். ஆனால் அவற்றை விசாரிக்க ஒரு துறையும் ஒரு சட்டமும் இருந்தன. கேட்டுக்கு வெளியே அந்தத் தெளிவு கிடையாது.

ஒரு வீடு, இரண்டு சட்டம்

சுங்குவார்சத்திரத்தில் ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா சிப்காட் தொழிற்பேட்டை ஆலையில். தங்கை மெயின்ரோட்டு ஜவுளிக்கடையில். இருவரும் நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள். நின்று வேலை செய்பவர்கள் இடையே கிடைக்கும் ஓய்வில் உட்கார இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 44 சொன்னது. ஆக, அக்காவுக்கு அந்த உரிமை அவள் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. தங்கைக்கு அது கிடைத்தது 2021இல், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்ட பிறகு. இடைவெளி 73 ஆண்டுகள்.

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. சென்னை மாகாணத்துக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தனிச்சட்டம் வர 1947 ஆயிற்று. சுத்தம், காற்றோட்டம், வெளிச்சம், தீத்தடுப்பு நான்கையும் அந்தச் சட்டம் அப்போதே கேட்டது. வேலை நேரத்தை நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. ஆனால் ஆலைச் சட்டம் கழிப்பறை, குடிநீர், முதலுதவி, உணவகம், குழந்தைகள் காப்பகம், பாதுகாப்பு அதிகாரி என்று இத்தனை பேருக்கு இவ்வளவு என்று கணக்கோடு விரித்த இடத்தில், கடைச் சட்டம் சில வரிகளோடு நின்றுவிட்டது.

உலக அளவிலும் இந்தப் பிளவு உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை தொழிலாளர் ஆய்வைப் பற்றியது, 1947இல் உருவானது. அதன் முதல் பகுதி தொழிலகங்களுக்கு, இரண்டாம் பகுதி வணிக நிறுவனங்களுக்கு. இந்தியா 1949இல் அதை ஏற்றபோது இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு ஏற்றது. ஆலைகளை ஆய்வு செய்வோம் என்று உலகத்தின் முன் வாக்குக் கொடுத்த நாடு, கடைகளைப் பற்றி அந்த வாக்கைக் கொடுக்கவில்லை.

பிரிட்டனில் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மூவருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று 1899இலேயே சட்டம் வந்தது. 1963இல் அலுவலகங்கள், கடைகள், ரயில்வே வளாகங்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றி, வேலை தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அறையில் 16 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு தளத்திலும் வெப்பமானி இருக்க வேண்டும் என்பது வரை எழுதினார்கள். ஆய்வுப் பொறுப்பில் பெரும்பகுதி உள்ளாட்சிகளிடம் போனது. உள்ளூர்க் கடைகளை அறிந்த ஆள் அவற்றை ஆய்வு செய்வார் என்ற அந்த ஏற்பாடு நாம் கவனிக்க வேண்டியது.

நம் பக்கத்தில் இருக்கைக்கான போராட்டம் கோழிக்கோட்டில் தொடங்கியது. ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டி, ‘பெண்கூட்டு’ அமைப்பின் பி. விஜி நடத்திய நீண்ட போராட்டத்தின் பலனாக 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று ஆண்டு கழித்துத் தமிழ்நாடு அந்த வழியில் போனது. சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியிருந்தது. பார்த்துக் கலங்கிய ஊர் சட்டம் எழுத இன்னும் பதினோரு ஆண்டு எடுத்துக்கொண்டது.

யார் எதைப் பார்க்கிறார்கள்

ஒரகடம் கூட்ரோட்டில் நின்று சுற்றிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு துறை. ஆலைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடைக்கும் அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர். மெஸ்ஸுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர். பெண்கள் விடுதிக்கு, 2014ஆம் ஆண்டின் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் பதிவு. தீக்குத் தீயணைப்புத் துறை. லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறை. எரிவாயு சேமிப்புக்கு மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ. கட்டட அனுமதிக்கு உள்ளாட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும்.

இவர்களில் கடைக்கு வரும் உதவி ஆய்வாளரின் பையில் வேறு வேலைகளும் இருக்கின்றன. குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலாளர், பண்டிகை விடுமுறை ஆகியவை அவர் பார்க்க வேண்டியவை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டமும் தொழிலாளர் துறையிடமே இருப்பதால், தராசில் முத்திரை இருக்கிறதா, பொட்டலத்தில் விலை அச்சாகியிருக்கிறதா என்பதும் அவர் வேலை. வாடிக்கையாளருக்குப் புரியும் குற்றம் தராசில் தெரிகிறது; ஊழியரின் முதுகுவலி எந்தத் தராசிலும் தெரிவதில்லை. ஆய்வு என்றால் முதலில் ரெஜிஸ்டரை எடுத்து வைப்பது என்ற பழக்கம் இப்படித்தான் ஊறியது. வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் முக்கியம்தான். ஆனால் அவற்றைப் பார்க்க மேசையருகே உட்கார்ந்தால் போதும். காற்றோட்டத்தைப் பார்க்க மாடிக்கு ஏற வேண்டும்.

சட்டத்தின் எல்லைகள் இன்னொரு சிக்கல். 2018இல் திருத்தப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கே பதிவுக் கடமை. மொபைல் கடை, மருந்துக்கடை, டிபன் கடை, டிராவல்ஸ், பஞ்சர் கடை என்று இந்தச் சாலையோரக் கடைகளில் பெரும்பாலானவை நான்கைந்து பேரோடு நடப்பவை. பதிவேட்டில் அவை தெரியவே தெரியாது. மறுமுனையில், அரசு அலுவலகங்களுக்குக் கடைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. மற்றவர் கட்டடத்தை ஆய்வு செய்யும் அலுவலரின் சொந்த அலுவலகத்துப் படிக்கட்டையும் கழிப்பறையையும் அந்தச் சட்டப்படி ஆய்வு செய்ய யாரும் இல்லை.

பார்க்க வேண்டியது என்ன

நல்ல ஆய்வு என்பது என்ன என்று துறை அறிக்கைகளைவிடக் கட்டடத்துக்குள் நடந்து பார்த்தால் எளிதில் புரியும்.

முதலில் படிக்கட்டு. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் மாதத்தில் ஜவுளிக்கடைப் படிக்கட்டின் பாதி அகலத்தை அட்டைப்பெட்டிகள் பிடித்துக்கொள்ளும். திருட்டுக்குப் பயந்து பின்வழி பூட்டியிருக்கும். சாவி மேனேஜர் பையில். 2008இல் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் பிடித்த தீயில் இறந்த இருவரும் கடை ஊழியர்கள். 2017 மே 31ஆம் தேதி உஸ்மான் சாலையில் தி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது அதிகாலையில், கடை திறக்கும் முன். கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியிருந்தது. அதே தீ மாலை ஏழு மணிக்குப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்போடு ஒவ்வொரு ஆய்வாளரும் படியேற வேண்டும். தீயணைப்பானின் அளவியில் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பதோடு, அதை எடுத்து இயக்கத் தெரியுமா என்று அருகில் நிற்கும் விற்பனைப் பெண்ணைக் கேட்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். சின்னக் கடையில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃபிரிட்ஜும் சார்ஜரும் ஃபேனும் ஓடும். இ.எல்.சி.பி. பொருத்தியிருந்தால் கசிவு மின்சாரம் உடலில் பாயும் கணத்தில் இணைப்பு அறுபடும். அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஜெனரேட்டர் ஓட்டும் கடைகளில் கார்பன் மோனாக்சைடு சேரும். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

மூன்றாவது கழிப்பறை. இது சுகாதாரக் கேள்வி மட்டும் அல்ல. கழிப்பறை இல்லாத கடையில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று அதிலிருந்து வரும். மணிக்கணக்கில் நிற்பதால் கால் இரத்த நாளங்கள் புடைத்துச் சுருளும் நோய் வரும். ஆய்வாளர் நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் கிடைக்கும் விடை பொய்யாக இருக்கலாம். கல்லாவுக்குப் பின்னால் மடித்து வைத்த நாற்காலி சட்டத்தை நிறைவேற்றிவிடும், கால்வலியைத் தீர்க்காது. வாடிக்கையாளர் இல்லாத பிற்பகலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே சரியான ஆய்வு.

நான்காவது குடோன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டத்தில் ஆலைகளுக்கு உதிரிப்பாகம் சேர்த்து வைக்கும் கிடங்குகள் நிறைய. தகரக் கூரையின் கீழ் வெயில் மாதங்களில் காற்றே சுடும். உயரமான ரேக்குகள் எவ்வளவு எடை தாங்கும் என்று பலகை வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையும் ஆள் நடக்கும் பாதையும் கோடு போட்டுப் பிரிந்திருக்க வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு 2024இல் அறிவித்தது. குடோனில் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மதியத்தில் ஓய்வு உண்டா என்பவையும் இனிப் பாதுகாப்புக் கேள்விகளே.

ஐந்தாவது எரிவாயு. 2022 செப்டம்பர் 28ஆம் தேதி, ஒரகடத்துக்கு அருகே தேவரியம்பாக்கத்தில் ஒரு சமையல் எரிவாயுக் கிடங்கில் தீப்பிடித்து 12 பேர் காயமடைந்தார்கள். சிலர் பின்னர் உயிரிழந்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் காற்றுப்போக்குத் தரை மட்டத்தில் வேண்டும். 100 கிலோவுக்கு மேல் சேமிக்க உரிமம் தேவை. வணிக சிலிண்டர் ஒன்று 19 கிலோ. ஐந்தைத் தாண்டினாலே அந்த அளவு தாண்டிவிடும். நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கும் மெஸ்ஸில் எத்தனை சிலிண்டர் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பார்வையிட வேண்டிய இடங்களின் எண்ணிக்கை தானாகத் தெரியும்.

இந்த ஐந்துக்கும் மேலாக இரவு வேலை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019 முதல் அரசாணை இருக்கிறது. அதற்கு நிபந்தனைகளும் உண்டு: கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக் கூடாது, இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துப்பூர்வச் சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும், ஓய்வறை, கழிப்பறை, பொருள் வைக்கும் பெட்டி வேண்டும். கடை விடியவிடிய நடக்கிறது. ஆய்வு மட்டும் அலுவலக நேரத்திலேயே நடந்தால் இந்த நிபந்தனைகளை யார் சரிபார்ப்பது?

வணிகர்களின் வாதம்

ஆய்வைப் பற்றிப் பேசினால் வணிகர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: ‘வருகிறவர்கள் எல்லோரும் கையை நீட்டுகிறார்கள்.’ இதை ஒதுக்கிவிட முடியாது. எட்டுத் துறைகள் எட்டு நாளில் வந்து எட்டுத் தாள் கேட்டால் நேர்மையான கடைக்காரரும் சோர்ந்துபோவார். குறை வைத்திருப்பவர் பேரம் பேசக் கற்றுக்கொள்வார். இந்தக் கசப்பிலிருந்துதான் ‘இன்ஸ்பெக்டர் ராஜ்’ ஒழிய வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2014இல் மத்திய அரசின் ஷ்ரம் சுவிதா தளம் வந்து, எந்த நிறுவனத்தை யார் ஆய்வு செய்வது என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. விருப்பப்பட்ட இடத்துக்கு விருப்பப்பட்டவர் போவதை அது தடுக்கும். ஆனால் குலுக்கலில் வராத இடம் பல ஆண்டுகள் பார்க்கப்படாமலே போகலாம். 81ஆம் உடன்படிக்கை ஆய்வாளருக்கு இரவும் பகலும் முன்னறிவிப்பின்றி நுழையும் உரிமை தருகிறது. தேவையான அளவு அடிக்கடியும் முழுமையாகவும் ஆய்வு நடக்க வேண்டும் என்கிறது. இந்தியா இதைக் கடைப்பிடிக்கும் விதம் பற்றி 2019இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக் குழுவில் விவாதமே நடந்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இந்தக் காட்சியை மாற்றுகிறது. அதில் ஒரு நன்மை உண்டு: வணிகம் உட்பட எந்தத் தொழிலானாலும் பத்துப் பேர் வேலை செய்தால் அது ‘நிறுவனம்’. அதாவது ஆலை, கடை என்ற பழைய சுவரின் ஒரு பகுதி விழுகிறது. இழப்பும் உண்டு: மின்சக்தி பயன்படுத்தும் ஆலை என்பதன் வரம்பு பத்துப் பேரிலிருந்து இருபதாக உயர்ந்துவிட்டது, சின்னப் பட்டறைகள் ஆலைக்குரிய விதிகளிலிருந்து நழுவுகின்றன. ஆய்வாளருக்கு வழிகாட்டி என்ற இரட்டை வேடமும் தரப்பட்டிருக்கிறது. வழிகாட்டுவது நல்லதே. நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கு அபராதத்தைவிட, வயரை எப்படி மாற்றுவது என்று சொல்லும் ஆள்தான் தேவை. ஆனால் பூட்டிய பின்வாசலைத் திறக்க வைக்க ஆலோசனை போதாது. இரண்டு வேலைக்கும் இரண்டு அளவுகோல் வேண்டும்.

ராணா பிளாசா சொன்னது

2013 ஏப்ரல் 24ஆம் தேதி டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கியும், மேலே ஆயத்த ஆடை ஆலைகளும் இருந்தன. முந்தின நாள் விரிசல் தெரிந்ததும் வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது, கடைகள் திறக்கவில்லை. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டார்கள். விரிசல் ஒன்றுதான், அதைப் பார்த்து வேலையை மறுக்கும் பலம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அதற்குப் பிறகு பிறந்த, தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்கான வங்கதேச ஒப்பந்தத்தின் பெரிய சாதனை, தனிப் பொறியாளர்கள் செய்த ஆய்வின் அறிக்கைகளை யாரும் படிக்கும்படி வெளியிட்டதும், தொழிலாளர் நேரடியாகப் புகார் தர வழி செய்ததும்தான். ஆய்வின் முடிவு அதிகாரியின் கோப்பிலும் முதலாளியின் மேசையிலும் மட்டும் இருந்தால் பேரம் நடக்கும். தொழிலாளியின் கண்ணுக்கும் எட்டினால் பேரத்துக்கு இடம் குறையும்.

செய்யக்கூடியவை

முதலாவது, கூட்டு ஆய்வு. எட்டுத் துறைகளும் வட்டாரம் வட்டாரமாக ஒரே நாளில், ஒரே படிவத்தோடு வரட்டும். சிப்காட் எல்லையோடு நிற்காமல், அந்த ஆலைகளின் தொழிலாளர்கள் தங்கும், சாப்பிடும், பொருள் வாங்கும் ஊர்கள் வரை போகட்டும். கடைக்காரருக்கு அலைச்சல் குறையும். துறைகளுக்கு இடையே விழும் இடைவெளியும் அடைபடும்.

இரண்டாவது, அறிக்கை சுவரில். என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரியாக வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அது வேண்டும். இந்த விடுதிகளில் அந்த மொழிகள் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, ரகசியமான புகார். யார் சொன்னார்கள் என்று வெளியே தெரியாது என்ற உறுதி 81ஆம் உடன்படிக்கையிலேயே உண்டு. புகார் வந்த இடத்துக்குக் குலுக்கலுக்காகக் காத்திராமல் போக வேண்டும். இரவுக் கடைக்கு இரவில் போக வேண்டும்.

நான்காவது, விடுதியையும் மெஸ்ஸையும் பணியிடத்தின் நீட்சியாகச் சட்டத்திலேயே சேர்ப்பது. இந்தத் திசையில் ஒரு நல்ல அடி வைக்கப்பட்டிருக்கிறது. வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண்கள் தங்கக் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தங்குமிடத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அங்கே இடம் கிடைக்காமல் வாடகைக் கட்டடங்களில் தங்குபவர்களுக்கும் அதே தரம் வேண்டும். அதை உறுதி செய்ய ஆய்வைத் தவிர வேறு வழி இல்லை.

ஐந்தாவது, அரசு அலுவலகங்களும் இதற்குள் வர வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துப் படிக்கட்டில் கோப்பு மூட்டை கிடந்தால், கடைக்காரரிடம் படிக்கட்டைக் காலி செய் என்று சொல்லும் தகுதி அந்த வளாகத்துக்குக் குறைந்துபோகும்.

இவற்றில் எதற்கும் பெரிய புதுச்சட்டம் தேவையில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட சுத்தம், காற்று, வெளிச்சம், தீத்தடுப்பு ஆகிய நான்கையும் ஒழுங்காகப் போய்ப் பார்த்தாலே இந்தச் சாலையோரம் பாதி மாறிவிடும். தேவைப்படுவது போதிய ஆட்களும், மேசையை விட்டு எழுந்து மாடியேறும் பழக்கமும், கண்டதைப் பலர் பார்க்க எழுதி வைக்கும் துணிவும்.

சுங்குவார்சத்திரத்து அக்காவும் தங்கையும் இரவு வீடு திரும்புகிறார்கள். அக்காவின் ஆலையில் இன்று யார் ஆய்வுக்கு வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அறிவிப்புப் பலகையில் பார்த்திருப்பாள். ‘உன் கடைக்கு யாராவது வந்தாங்களா?’ என்று அவள் தங்கையைக் கேட்டால், ‘வந்தாங்க அக்கா, என்னோட பேசினாங்க, மதியம் உட்கார விடுறாங்களான்னு கேட்டாங்க’ என்ற பதில் வர வேண்டும். அந்தப் பதில் சாதாரணமாகக் கிடைக்கும் நாள் வரை ஆலைக்கும் கடைக்கும் நடுவிலுள்ள 73 ஆண்டு இடைவெளி காகிதத்தில் மட்டுமே முடிந்திருக்கும்.